இருநூற்றுப் பதினாறு கற்கள்

"கால் பொசுங்குது, தாயே" என்றான் மதகன். "சாமி காலே இந்தப் பாடு படுதுன்னா, மனுசன் எவனும் இந்தப் பக்கம் தலைவச்சே படுக்க முடியாது."

சிதறி என்ற அந்தப் பெண்சாமி நிமிரவில்லை.

உச்சி வெயில். கண்ணுக்கு எட்டிய மட்டும் கூழாங்கற்கள். ஒரு மரம் கிடையாது, ஒரு புல் கிடையாது. நடுவில் சிதறி குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கல்லை எடுத்தாள். புரட்டினாள். மண்ணில் பதிந்திருந்த அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கீழே போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"இது என்ன தவம்?" என்று கேட்டான்.

"தவமில்ல. வேலை."

"என்ன வேலை?"

"வந்த காரியத்தைச் சொல்லு."

மதகன் ஒற்றைக் காலை மாற்றி மாற்றித் தூக்கியபடி சொன்னான். "எனக்குத் தாறுமாறு கத்துத் தரணும்."

அந்த வித்தைக்குச் சாமிகளின் ஏடுகளில் மரியாதையான ஒரு பெயர் உண்டு. வாயில் நுழையாது. எல்லாரும் தாறுமாறு என்றுதான் சொல்வார்கள், அதுவும் மெதுவாக.

அந்த உலகத்தில் சாமிகளுக்கு ஆளுக்கொரு வேலை. மழை ஒருத்திக்கு, காற்று ஒருத்தனுக்கு, விதை முளைப்பது இன்னொருத்தனுக்கு. ஒருத்தர் வேலையில் மற்றவர் கைவைக்க முடியாது. மதகனுக்கு வாய்த்தது நாணற்குடி ஏரியின் மதகு. தண்ணீர் ஏறினால் திறக்க வேண்டும், இறங்கினால் அடைக்க வேண்டும். அவனுடைய தெய்வீகம் அவ்வளவுதான். அதற்குமேல் ஏதாவது செய்ய ஆசைப்படுகிற சாமிக்கு ஒரே வழி, தாறுமாறு.

"யாருக்காக?" என்றாள் சிதறி.

"துடியாள்னு ஒருத்தி. நாணல் அறுக்குறவ. காய்ச்சல்ல கிடக்கா. இன்னிக்குப் பொழுதைத் தாண்ட மாட்டா."

"காய்ச்சல் வெக்கையாளோட வேலையாச்சே. அவளைக் கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். உன் மதகைப் பாத்துக்கிட்டுப் போடான்னு சொல்லிட்டா."

"துடியாள் உனக்குப் பொங்கல் வைக்கிறவளா?"

மதகன் தரையைப் பார்த்தான். "என்னைத் திட்டுறவ" என்றான்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், ஏரி தளும்பிய ஒரு நாளில், மதகன் மதகைத் திறந்தான். ஊரைக் காப்பாற்றத்தான் திறந்தான். கீழே நாணல் அறுத்துக்கொண்டிருந்த ஒருவனைப் பார்க்கவில்லை. அவன் துடியாளின் புருசன். உடம்பு கூடக் கிடைக்கவில்லை.

ஊர் முழுக்க மதகனுக்கு மாலை போட்டது. துடியாள் மட்டும் மறுநாள் விடிந்ததும் மதகடியில் வந்து நின்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். அதற்கு மறுநாளும் வந்தாள். பன்னிரண்டு வருடம் ஒரு நாள் தவறவில்லை. கல்லுமுண்டம் என்பாள். செவிட்டுப் பொணமே என்பாள். திட்டி முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, வேலைக்குப் போவாள்.

மதகனுக்கு அது முதலில் வலித்தது. பிறகு பழகியது. பிறகு அது இல்லாமல் விடியாது என்று ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் பாடிய பாட்டெல்லாம் பொய் என்று அவனுக்குத் தெரியும். அவள் ஒருத்திதான் அவனிடம் உண்மை பேசினாள்.

மூன்று நாளாக அவள் வரவில்லை.

"எனக்கு அவ வேணும் தாயே" என்றான்.

சிதறி கையிலிருந்த கல்லைப் போட்டாள். பக்கத்தில் கிடந்த பழைய முறத்தை அவன் பக்கம் தள்ளினாள். ஓரமெல்லாம் பிய்ந்த முறம்.

"உன் சனத்தைக் கொண்டு வந்திருக்கியா?"

மதகன் மடியை அவிழ்த்தான். கற்கள். ஒவ்வொரு சாமியும் தன் ஆட்களை இப்படித்தான் மடியில் கட்டிக்கொண்டு திரியும். ஆள் உயிரோடு இருக்கும்வரை கல் கதகதவென்று இருக்கும். காதில் வைத்தால் அந்த ஆள் அந்த நேரத்தில் பேசுவது கேட்கும், செய்வதும் மனதில் தெரியும். சாமி பேசுவதுதான் மனிதர் காதில் விழாது.

"இருநூத்திப் பதினாறு" என்றான் பெருமையாக. "ஒன்னு குறையாது."

"பேரு?"

"எண்ணிக்கை தெரியும். இத்தனை பேரோட பேரையும் யாரு மனசுல வச்சுக்கிட்டு இருக்குறது?"

சிதறி அடுத்த கல்லை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.

"எல்லாத்தையும் முறத்துல போடு."

"துடியாளோட கல்லை மட்டும் போட்டாப் போதாதா?"

"ஒத்தைக் கல்லு எங்க கிடந்தாலும் ஒத்தைக் கல்லுதான். கலைஞ்சு போறதுக்கு நாலு பேரு வேணும்."

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். முறம் கனத்தது.

"தாறுமாறு எதையும் புதுசா உண்டாக்காது" என்றாள் சிதறி. "இடம் மாத்தும். இவ காய்ச்சல் அவனுக்குப் போகும். அவன் ஆயுசு இன்னொருத்திக்குப் போகும். ஒருத்தன் குரல் வேறொருத்தன் தொண்டைக்குப் போகும்."

"எது எங்க போகணும்னு நாம எப்படிச் சொல்றது?"

"சொல்ல முடியாது."

"மந்திரம் கிந்திரம்?"

"கிடையாது."

"அப்ப இதுல சாமிக்கு என்னதான் வேலை?"

"வீசுறது."

மதகன் குழம்பினான். ஆனாலும் கெட்டிக்காரன் அல்லவா? குனிந்து கொஞ்சம் செம்மண் எடுத்து எச்சில் தொட்டுக் குழைத்து, துடியாளின் கல்லில் மட்டும் பட்டையாகப் பூசினான். எத்தனை தடவை வீசினாலும் இனி அவள் அவன் கண்ணிலிருந்து தப்ப மாட்டாள்.

"மத்ததுக்கு?" என்றாள் சிதறி.

"மத்ததுக்கு எதுக்கு?"

அவள் பெருமூச்சு விட்டாள். "ஒன்னே ஒன்னு சொல்றேன், கேட்டுக்கோ. வீசும்போது தரையைப் பாரு."

மதகன் கைகூப்பினான். குருமார்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். தரையைப் பார் என்றால் தலைகுனி, அடக்கமாக இரு என்று பொருள். அதை மனதில் முடிந்துகொண்டு, நெஞ்சுக்குள் அடக்கத்தோடு, கண்ணைச் செம்மண் பூசிய கல்லின் மேல் வைத்து, முறத்தைத் தூக்கி வீசினான்.

நெல் புடைப்பதுபோல் கற்கள் எழும்பின, திரும்ப விழுந்தன. கலகலவென்று ஒரு சத்தம். வித்தை வேலை செய்கிற சத்தம் என்று நினைத்துக்கொண்டான்.

செம்மண் கல்லைக் கன்னத்தில் வைத்தான். கொதிப்பு இல்லை. காய்ச்சல் போய்விட்டது!

அந்தக் காய்ச்சல் யாரிடம் போயிற்று என்று பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று நான் நாசூக்காகச் சொல்கிறேன். தோன்றியது. தள்ளிவிட்டான்.

கல்லைக் காதில் வைத்தான். துடியாள் மதகடியில் நின்றுகொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு வசவுக்குக் காத்திருந்தான்.

"மதகப்பா" என்றாள் துடியாள், தழுதழுத்த குரலில். "என் உசுரைக் காத்த தெய்வமே. உன்னை ஒரு நாள் விடாம வைதேனே, பாவி நான். நீ செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல சாமி. என் புருசன் போனது என் தலையெழுத்து."

மதகன் கல்லைக் காதிலிருந்து எடுத்தான். அவன் காத்திருந்தது இதற்கல்ல.

"பிழைச்சுட்டாளா?" என்று கேட்டாள் சிதறி, திரும்பாமல்.

"பிழைச்சுட்டா."

"அப்ப கிளம்பு."

அவன் கிளம்பவில்லை.

அங்கேயே கிளம்பியிருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இல்லை. வந்த காரியம் முடிந்தது. ஒரு உயிர் கேட்டான், கிடைத்தது. ஆனால் வேறு யாரோ ஒருத்தியின் பக்தி துடியாளின் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அவளுடைய கோபம் ஊரில் எவன் வாயிலோ கிடக்கிறது. அதை மட்டும் சரிசெய்துவிட்டால் போதும் என்று நினைத்தான். சாமிகளுக்கு இந்த ஒரு புத்தி உண்டு. ஒரு முடிச்சைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"ஒரே ஒரு தடவை" என்றான்.

"தரையைப் பாரு" என்றாள் சிதறி.

அவன் இன்னும் அடக்கமாக முறத்தைத் தூக்கினான்.

கலகல.

இந்தத் தடவை துடியாள் சிரித்தாள். எதற்கென்று இல்லாமல் விழுந்து விழுந்து சிரித்தாள். நாணற்குடியில் அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை.

மறுபடியும் வீசினான். அவள் தன் பெயரை மறந்துபோய், யாரோ ஒரு கிழவனின் குரலில் இருமினாள்.

மறுபடியும் வீசினான். திட்டினாள், ஆனால் பக்கத்து வீட்டு ஆட்டை.

மறுபடியும். புருசன் செத்ததே ஞாபகமில்லாமல் அவனுக்குச் சோறு எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அதை மதகனால் கேட்கவே முடியவில்லை. சட்டென்று வீசினான்.

எத்தனை தடவை என்று அவனுக்கே தெரியாது. ஒன்று மட்டும் கவனித்தான். முதலில் முறம் தோளை இழுத்தது. போகப் போக லேசாகிக்கொண்டே வந்தது. இப்போது ஒற்றைக் கையால் வீச முடிந்தது.

"தாயே, வித்தை கைவந்திருச்சு!" என்றான் சந்தோசமாக. "பூ மாதிரி இருக்கு."

சிதறியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு கல்லைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள்.

அவன் கடைசியாக ஒரு தடவை வீசினான்.

செம்மண் கல்லைக் காதில் வைத்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"ஏ மதகா! கல்லுமுண்டம்! செவிட்டுப் பொணமே!"

அதே குரல். அதே ஆங்காரம். மதகனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பன்னிரண்டு வருடத்தில் அவன் இவ்வளவு மகிழ்ந்ததில்லை.

"எங்கடா எல்லாரும்?" என்றாள் துடியாள்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"எழினி வீட்டு அடுப்புல சோறு கொதிக்குது, கிண்ட ஆளில்ல. வேம்பி வீட்டுத் தொட்டில் ஆடிக்கிட்டு இருக்குது, உள்ள புள்ளயக் காணோம். ஏரியில அத்தனை ஓடமும் தானா மிதக்குது. என்னடா செஞ்ச? டேய், என்ன செஞ்ச எங்க ஊரை?"

மதகன் முறத்தைப் பார்த்தான்.

முறம் காலியாக இருந்தது.

அப்போதுதான் அவன் தரையைப் பார்த்தான்.

கூழாங்கற்கள். காலடியில், முழங்காலருகில், நிழல் விழுந்த இடத்தில், விழாத இடத்தில், கண்ணுக்கு எட்டிய மட்டும் கூழாங்கற்கள். ஒரே நிறம், ஒரே அளவு.

"தாயே" என்றான். "இதெல்லாம்..."

"ஒவ்வொரு வீச்சுக்கும் பத்துப் பதினஞ்சு கல்லு ஓரம் தாண்டி விழும்" என்றாள் சிதறி. "அதான் தரையைப் பாருன்னு சொன்னேன்."

"அடக்கமா இருக்கச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"உன் அடக்கம் எனக்கு எதுக்கு?"

அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. "என் கையைப் பிடிச்சுத் தடுத்திருக்கலாமே! பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க!"

"என் ரெண்டு கைக்கும் வேலை இருக்கு."

"செத்துட்டாங்களா?"

"செத்தவனுக்கு ஒரு குழியாவது மிஞ்சும். அழுகிறதுக்கு நாலு பேரு மிஞ்சும். இவங்களுக்கு இடமே இல்ல. அவ்வளவுதான்."

"திரும்ப எடுத்து வைக்க முடியாதா?"

"முடியும்" என்றாள் சிதறி.

மதகன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"சூடு இருக்கிற வரைக்கும் முடியும். உன்னதுக்கு இன்னிக்குப் பொழுது சாயிற வரைக்கும் சூடு இருக்கும்."

"எல்லாக் கல்லும் சுடுதே!"

"அது வெயில் சூடு. மேல்பக்கம் மட்டும்தான் இருக்கும். உசுரு சூடு அடிப்பக்கத்துலயும் இருக்கும். புரட்டிப் பாரு. கன்னத்துல வச்சுப் பாரு."

அவன் மண்டியிட்டான். ஒரு கல்லை எடுத்தான், புரட்டினான், கன்னத்தில் வைத்தான். ஜில்லென்று இருந்தது. இன்னொன்று. ஜில். இன்னொன்று. முட்டி வெந்தது, உள்ளங்கை கொப்பளித்தது. செம்மண் கல்லை முறத்தின் நடுவில் வைத்திருந்தான். காதில் வைக்காமலே இப்போது அவள் குரல் கேட்டது. அவ்வளவு பலமாகக் கத்திக்கொண்டிருந்தாள்.

"உங்களது எத்தனை பேரு?" என்று கேட்டான், கல்லைத் தேடிக்கொண்டே.

"மூணு ஊரு."

"கிடைச்சாங்களா?"

"என் பொழுது எப்பவோ சாஞ்சிருச்சு."

"அப்புறம் ஏன் தேடுறீங்க?"

சிதறி கையை நீட்டினாள். ஒரு கல்லைப் புரட்டினாள்.

வெயில் மெல்ல மேற்கே சரிந்தது. அவர்கள் இருவரின் நிழலும் கற்களின் மேல் நீண்டது.

மதகன் ஒரு கல்லைக் கன்னத்தில் வைத்தான். வைத்தவன் எடுக்கவில்லை.

கதகதவென்று இருந்தது. அடியில், மேலே, எல்லாப் பக்கமும். தூங்குகிற பிள்ளையின் நெற்றியைப் போல.

"கிடைச்சிருச்சு!" என்று கத்தினான். கல்லைக் காதில் வைத்தான். சத்தமில்லை. இடம் இல்லாதவர்களுக்குக் குரல் கிடையாது. பரவாயில்லை, உயிர் இருக்கிறது. முறத்திடம் ஓடினான். கல்லைத் துடியாளின் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தான்.

கல் அங்கே நிற்கவில்லை. உருண்டு, ஓரம் தாண்டி, விழப் போனது. பாய்ந்து பிடித்தான்.

"சும்மா வச்சா ஒட்டாது" என்றாள் சிதறி. "பேரைச் சொல்லி வைக்கணும்."

"பேரா?"

"அந்த ஆளோட பேரு. ஒரு தடவைதான் சொல்லலாம். தப்பாச் சொன்னா அப்பவே ஆறிடும்."

மதகன் கையை விரித்துப் பார்த்தான். ஒரு கூழாங்கல். ஆணா பெண்ணா, கிழமா பிள்ளையா, எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டு வருடம் இல்லை, நாணற்குடி தோன்றிய நாளிலிருந்து அவன் இந்தக் கற்களை மடியில் கட்டித் திரிந்தவன். மாலை மாலையாக வாங்கிக்கொண்டவன்.

"உங்களுக்காவது உங்க சனத்தோட பேரு தெரியுமா?" என்றான். அழுதுகொண்டிருந்தான்.

"அன்னிக்குத் தெரியாது. இப்ப எல்லாம் தெரியும்" என்றாள் சிதறி. "என் முறத்துலயும் ஒருத்தி மிஞ்சினா. ஊரை ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குப் பாடமாக்கிட்டுத்தான் போனா. பேரு இருக்கு. சூடுதான் இல்ல."

முறத்தில் துடியாள் திட்டுவதை நிறுத்தியிருந்தாள். யாருமில்லாத தெருவில் நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வாசலாக நின்று நின்று கூப்பிட்டாள்.

"எழினி!"

காத்திருந்தாள். அடுத்த வாசல்.

"உளியா! ஏ உளியா!"

அடுத்த வாசல்.

"வேம்பி! புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்கடி போன?"

மதகனின் கையில் கல் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிக்கொண்டிருந்தது. அவன் அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்தினான். வாயருகில் கொண்டுபோய் ஊதினான். நெஞ்சோடு வைத்து அழுத்தினான். எழினி என்று சொல்ல வாயெடுத்து, பயந்து, மூடிக்கொண்டான்.

"கூனாச்சி! பொதும்பா! முளரி!"

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கையில் இருந்தது ஒரு கல்.

சிதறியின் முன்னால் விழுந்தான். கல்லை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இது யாரு தாயே? நீங்களாவது சொல்லுங்க. இது யாரு?"

வந்ததிலிருந்து முதல் தடவையாக, சிதறி தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

"உன் சனம்" என்றாள். "என்னைக் கேக்குற."